பாக்கியத்தாய் நட்ட நாற்பது கன்றுகள்

கீழ்ப்பழனி மலையில், பஸ் நின்று திரும்புகிற இடத்துக்கும் மேலே, செங்கமலம் என்று ஒருத்தி மூன்று ஏக்கர் தோட்டத்தில் தனியாக இருந்தாள். எஸ்டேட் கூலியாட்களின் லயன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள். பட்டர் ஃப்ரூட் மரத்துக்கு ஒட்டுக் கட்ட அவளைப் போல் கை அந்தப் பக்கத்தில் வேறு யாருக்கும் இல்லை. கற்றுக்கொள்ள வந்தவர்களை அவள் வா என்றும் சொன்னதில்லை, போ என்றும் சொன்னதில்லை. வந்தவர்கள் முதல் வாரம் முழுவதும் மண் சலித்தார்கள். பாதிப் பேர் அதோடு போய்விட்டார்கள்.

போகாமல் தங்கியவர் அய்யாவு. குருவுக்கு நாற்பது வயது, சீடருக்கு அறுபது. அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

அய்யாவு ரேஷன் கடையில் முப்பது வருஷம் எடை போட்டு ஓய்வு பெற்றவர். ஒரு கைப்பிடி அரிசி குறைத்துப் போட்டதில்லை. ஆனாலும் தராசு முள்ளைப் பார்க்காமல் யாரும் அவரிடமிருந்து பையை வாங்கியதில்லை. முள் போய் எலெக்ட்ரானிக் தராசு வந்தபோது எண்ணைப் பார்த்தார்கள். எண்ணைப் பார்த்துவிட்டு அவர் முகத்தையும் பார்த்தார்கள். முப்பது வருஷமும் அந்தப் பார்வையோடுதான் அவர் வீட்டுக்குப் போனார்.

வந்த புதிதில் அவர் செங்கமலத்திடம் கேட்டார், நல்ல கன்றை எப்படித் தெரிந்துகொள்வது என்று.

அவள் சந்தையிலிருந்து இரண்டு கன்றுகள் வாங்கி வரச் சொன்னாள். அவர் பார்த்துப் பார்த்து, இலை பளபளவென்று இருந்த ஒன்றை வாங்கினார். இன்னொன்றைக் கடைக்காரன் சும்மா கொடுத்தான். அது குட்டையாக, இலை ஓரம் கருகி இருந்தது.

அவள் இரண்டு பைகளையும் கிழித்து, வேரை வாளித் தண்ணீரில் அலசினாள். அழகான கன்றின் சல்லிவேர்கள் கறுத்திருந்தன. ஒன்றை இரண்டு விரலால் உருவினாள். தோல் கழன்று கையோடு வந்தது. உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சியது. குட்டைக் கன்றின் வேர்நுனிகள் முளைவிட்ட பயறு போல வெள்ளையாக இருந்தன.

குட்டைக் கன்றை நட்டாள். மற்றதை அடுப்பில் போட்டாள்.

அதன்பிறகு ஆறு மாதம் அய்யாவு வேர் அலசினார். வேரழுகல் என்பது மண்ணிலும் தண்ணீரிலும் பரவுகிற நோய் என்று தெரிந்துகொண்டார். ஒரு செருப்பில் ஒட்டிய சேறு போதும், ஒரு தோட்டம் போய்விடும். அதனால் செங்கமலத்தின் கேட்டருகில் பிளீச்சிங் பவுடர் கரைத்த தொட்டி ஒன்று உண்டு. யார் வந்தாலும் அதில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கன்றுப் பைகள் தரையில் படக் கூடாது, ஜல்லி பரப்பிய மேடையில்தான் இருக்க வேண்டும். மரத்தை மேட்டில்தான் நட வேண்டும். அடியில் தண்ணீர் நின்றால் அந்த மரம் இல்லை என்று வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று வருஷத்தில் இவ்வளவும் அவருக்குக் கைவந்தது.

பிறகு அவர் அடிவாரத்தில் சாலையோரமாக ஒரு நர்சரி போட்டார்.

முதல் இரண்டு வருஷம் அவர் கொடுத்த கன்றுகள் எல்லாம் பிழைத்தன. செங்கமலத்திடம் படித்தவர் என்று பேர் பரவியது. மேல்மலை ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் பையைக் கிழித்துப் பார்க்கவில்லை, இலையைத் திருப்பிப் பார்க்கவில்லை. நீங்க குடுத்தா சரிதான் என்று வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் போன பிறகும் அய்யாவு சாலையைப் பார்த்துக்கொண்டே நிற்பார். முப்பது வருஷம் கிடைக்காத ஒன்று அறுபத்து நாலு வயதில் கிடைத்திருந்தது.

மூன்றாம் வருஷம் புரட்டாசியில் பேய்மழை. பின்னால் இருந்த குளம் நிரம்பி நர்சரிக்குள் வந்தது. அந்த வருஷம் கன்றுகள் அதிகம், மேடை போதவில்லை. பாதிப் பைகளை அவர் தரையில்தான் வைத்திருந்தார். மூன்று நாள் தண்ணீர் அவற்றுக்கிடையே நின்றது.

வடிந்து இரண்டு வாரம் கழித்துப் பதினோரு பைகளைக் கிழித்துப் பார்த்தார். ஒன்பதில் வேர் கறுத்திருந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அத்தனையையும் கொளுத்த வேண்டும். ஐப்பசியில் கன்று தருவதாகப் பதினேழு வீட்டுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். எல்லாரும் குழி எடுத்துக் காத்திருந்தார்கள். அவர்கள் முன்னால் போய் நின்று, என் கன்று கெட்டுவிட்டது என்று சொல்வதை நினைத்துப் பார்த்தார். உடனே அந்தப் பழைய பார்வை ஞாபகத்துக்கு வந்தது.

செங்கமலத்திடம் அவர் கேட்கவில்லை. பதில் தெரிந்ததால்தான் கேட்கவில்லை.

மருந்துக் கடைக்காரன் ஒரு புட்டியைக் கொடுத்தான். இதை வேரில் ஊற்றினால் பத்து நாளில் இலை பச்சை பிடிக்கும், இரண்டு மூன்று மாதம் தாங்கும் என்றான். அதற்குப் பிறகு என்று அய்யாவு கேட்டார். அதற்குள் கன்று உங்களிடம் இருக்காதே என்றான் கடைக்காரன்.

அய்யாவு ஊற்றினார். இலைகள் பளபளத்தன.

ஐப்பசி கடைசியில் பதினேழு வீட்டுக்காரர்களும் வந்து கன்றுகளை வண்டியில் ஏற்றினார்கள். பதினாறு பேர் எதையும் பார்க்கவில்லை. பதினேழாவதாக வந்தவள் பாக்கியத்தாய். மலையில் உச்சி ஊர்க்காரி. வீட்டில் எல்லாரிடமும் மன்றாடி, பழைய காப்பிச் செடிகளை எடுக்க வைத்து, நாற்பது குழி தோண்டியிருந்தாள். கன்று வாங்கும்போது வேரைப் பார்க்க வேண்டும் என்று செல்போனில் யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு வந்திருந்தாள்.

“அண்ணே, ஒரு பையை மட்டும் கிழிச்சு வேரப் பாத்துக்கட்டுமா?”

“வேரை ஆட்டினா கன்னு தாங்காதும்மா,” என்றார் அய்யாவு. பிறகு கேட்டார், “ஏன், என்மேல நம்பிக்கை இல்லையா?”

அவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். முகம் சிறுத்துப் போயிற்று. அப்படியெல்லாம் இல்லண்ணே, தப்பா நெனைக்காதீங்க என்று இரண்டு முறை சொன்னாள். நாற்பது கன்றுகளையும் தானே ஒவ்வொன்றாகத் தூக்கி, பச்சைப்பிள்ளையைக் கிடத்துவது போல வண்டியில் வைத்தாள்.

அன்று மாலை அய்யாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது.

இரண்டு வருஷம் போயிற்று. கன்றுகள் முதலில் வளர்ந்தன, பிறகு நின்றன. இலை வரவரச் சிறுத்து மஞ்சளானது. கிளைகள் நுனியிலிருந்து மொட்டையாகிக்கொண்டு கீழே வந்தன. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து எல்லாரும் இன்னும் ஊற்றினார்கள். அழுகுகிற வேருக்கு அதைவிடக் கெடுதல் வேறு இல்லை. அவரிடம் வந்து கேட்டவர்களிடம் சாணி போடுங்கள், வேப்பம் பிண்ணாக்கு போடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். நேரில் வந்து பாருங்கள் என்று கூப்பிட்டபோது முழங்கால் வலி என்றார். பிறகு உண்மையிலேயே முழங்கால் வலித்தது.

அந்தப் பங்குனியில் அவர் நர்சரியை மூடிவிட்டு மலையேறினார்.

செங்கமலம் ஒட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். அய்யாவு கேட்டருகில் காலை நனைத்துவிட்டு உள்ளே வந்து அவளருகில் நின்று கேட்டார்.

“அம்மா, அழுகின வேரைக் காப்பாத்த வழி இருக்கா?”

“யாரு மரம்?”

“ஒருத்தரோடது.”

“எந்த ஒருத்தர்?”

அய்யாவு எல்லாவற்றையும் சொன்னார். குளத்துத் தண்ணீர், பதினோரு பை, மருந்துப் புட்டி, பதினேழு வீடு. யார் யார் என்று அவள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பையைக் கிழிக்கக் கேட்ட ஒருத்தியைப் பற்றி மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

அவள் கத்தியைத் துடைத்து வைத்தாள். கேட்டுக்கு வெளியே போய் நிற்கச் சொன்னாள். அவர் போய் நின்றார். அவள் பிளீச்சிங் கரைசலை வாளியில் மொண்டு வந்து, கேட்டிலிருந்து உள்ளே அவர் நின்றிருந்த இடம் வரைக்கும், அவர் கால் பட்ட ஒவ்வொரு தடத்திலும் ஊற்றினாள். அவர் செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு குச்சியால் தள்ளி எடுத்துப்போய்க் கொளுத்தினாள்.

மூன்று வருஷம் தன் சொந்தத் தோட்டம் போல நடமாடிய இடம். அய்யாவு வெறுங்காலோடு பாதையில் நின்றார்.

“என்னைத் தீட்டுன்னு ஒதுக்குறீங்களாம்மா?”

செங்கமலம் வாளியைக் கவிழ்த்து வைத்தாள்.

“தீட்டுன்னா என்னன்னு எனக்குத் தெரியும், அண்ணே. எங்க அம்மாவுக்குச் சிரட்டையிலதான் காப்பி ஊத்துனாங்க. இது அது இல்ல. இது சேறு.”

பதினேழு வீட்டுக்கும் போகச் சொன்னாள் அவள். மரத்தடியில் தோண்டி, வேரைக் கையில் எடுத்து அவர்கள் கண்முன்னே காட்ட வேண்டும். இது ஏன் இப்படி ஆனது என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அந்தக் குழியில் மறுபடி பட்டர் ஃப்ரூட் வைக்கக் கூடாது, தண்ணீரை நிறுத்த வேண்டும், சரிவின் ஓரத்தில் வாய்க்கால் வெட்டி மழைத்தண்ணீர் அடுத்த தோட்டத்துக்குள் இறங்காமல் திருப்பிவிட வேண்டும், மண்வெட்டியைக் கழுவாமல் வெளியே கொண்டுபோகக் கூடாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு வர வேண்டும்.

“சொன்னா மன்னிச்சிருவாங்களாம்மா?”

“நான் மன்னிப்பப் பத்திப் பேசல. தண்ணி கீழ போயிட்டிருக்கு.”

மறுநாளே அய்யாவு கிளம்பினார்.

முதல் வீட்டில் வீரபத்திரன் என்பவர். அவர் வேரைக் கையில் வாங்கிப் பார்த்தார். அய்யாவு சொன்னதைக் கடைசிவரை கேட்டார். பிறகு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அய்யாவு வெயில் சாயும் வரை வாசலில் நின்றுவிட்டு, கதவைப் பார்த்து வாய்க்கால் வெட்டும் விவரத்தைச் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

இன்னொரு வீட்டில் சட்டையைப் பிடித்தார்கள். இன்னொரு வீட்டில் நம்பவில்லை. நீங்கள் அப்படிச் செய்யக்கூடிய ஆளா, மழைதான் காரணம் என்று அவருக்கே ஆறுதல் சொன்னார்கள். அந்த வீட்டில்தான் அவருக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. நான்தான், தெரிந்துதான் கொடுத்தேன் என்று அவர் மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது. மூன்றாவது முறை சொன்னபோது அந்த வீட்டுக்காரர் முகத்தில் அந்தப் பழைய பார்வை வந்தது. ரேஷன் கடைப் பார்வை. இந்த முறை அது சரியான ஆள்மேல் விழுந்தது.

ஒரு கிழவி கடப்பாரையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் இரண்டு நாள் தங்கி முப்பது மரத்தையும் வேரோடு பெயர்த்துக் கொளுத்திவிட்டு வந்தார். வாங்கிய பணத்தைத் திருப்பித் தருவதாக எல்லா வீட்டிலும் சொன்னார். சிலர் வாங்கிக்கொண்டார்கள். சிலர் கையை நீட்டவில்லை.

பன்னிரண்டாவது வீட்டில் அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்த சூசை இருந்தார். சூசை அவரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். எவன்தான் தப்பு செய்யல, விடுப்பா என்று முதுகைத் தட்டினார். அய்யாவு அழுதுவிட்டார். அன்று மலையிறங்கும்போது உடம்பே லேசாக இருந்தது. இனி வேறு யார் என்ன சொன்னாலும் தாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

அடுத்த நாலு வீட்டையும் ஒரே வாரத்தில் முடித்தார். பதினேழாவது வீடு பாக்கியத்தாயுடையது. அதற்கு அவர் போகவில்லை.

ஒருநாள் உச்சி ஊர் பஸ்ஸில் ஏறினார். இரண்டு நிறுத்தம் முன்னாலேயே இறங்கிவிட்டார். மற்ற வீடுகளில் கெட்ட கன்றைக் கொடுத்தேன் என்று சொன்னால் போதும். இந்த வீட்டில் அது போதாது. பார்க்கிறேன் என்று நீட்டிய கையைத் தட்டிவிட்டு, கேட்டதற்கே அவளை வெட்கப்பட வைத்திருந்தார். அதை எந்த வார்த்தையில் தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை.

இதற்குள் சங்கதி மலை முழுக்கப் பரவிவிட்டது. உங்ககிட்ட படிச்சவர்தானே என்று செங்கமலத்திடம் நேரிலேயே கேட்டார்கள். ஆமா என்று சொன்னாள் அவள். அவளிடம் ஒட்டுக்கன்று சொல்லி வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வேண்டாம் என்றார்கள். மேடையில் கன்றுகள் பை கொள்ளாமல் வளர்ந்து நின்றன.

அய்யாவு அதைக் கேள்விப்பட்டு ஓடினார். கேட்டுக்கு வெளியிலேயே நின்று, என்னால் உங்களுக்கும் கெட்ட பேர் வந்ததே என்றார்.

அவள் அதைக் காதில் வாங்கிய மாதிரியே தெரியவில்லை.

“எத்தனை வீடு ஆச்சு?”

“பதினாறும்மா.”

“இன்னொண்ணு?”

“போறேம்மா.”

அது வைகாசி. ஆனியில் சாரல் பிடித்தது, பாதை வழுக்கும் என்று இருந்துவிட்டார். ஆடி பிறந்தால் போகலாம் என்று நினைத்தார். ஆடி பிறந்தது, போனது. சூசையின் வீட்டில் குடித்த காப்பியை நினைத்து நினைத்து நாட்களைத் தள்ளினார். பதினாறு வீட்டில் பட்டது போதாதா என்று சில நாள் தனக்குத் தானே கேட்டுக்கொண்டார்.

கடைசியில் ஆவணி முதல் வாரம்தான் போனார்.

வீடு பூட்டியிருந்தது. தோட்டத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் குடை பிடித்து நின்றார். நாலு பேர் காய்ந்த மரங்களை வெட்டிப் போட்டுவிட்டு அதே குழிகளில் புதுக் கன்று வைத்துக்கொண்டிருந்தார்கள். பட்டர் ஃப்ரூட் கன்றுகள்தான்.

நிலத்தை வாங்கி இருபது நாள் ஆகிறது என்றார் அவர். கீழே ஊரில் மளிகைக் கடை வைத்திருப்பவர்.

அய்யாவு ஒரு குழியின் ஓரத்தில் குத்தவைத்து, பழைய வேர் ஒன்றைத் தோண்டி எடுத்து உருவிக் காட்டினார். இந்த மண்ணில் வைக்காதீர்கள், இந்தக் கன்றுகளும் போய்விடும் என்றார்.

“நீங்க யாரு?”

“இங்க செத்த மரத்தையெல்லாம் நான்தான் வித்தேன்.”

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வேலையாட்களைப் பார்த்துச் சிரித்தார். இவர் கன்று செத்துவிட்டதாம், அதனால் அடுத்தவன் கன்றும் சாகும் என்கிறார் என்றார். தான் வாங்கிய நர்சரிக்காரர் நல்ல மனுஷன், அவர் முகத்தைப் பார்த்தாலே தெரியும் என்றும் சொன்னார். அய்யாவு மறுபடியும் சொல்லத் தொடங்கினார். ஒரு வேலையாள் அவர் தோளைத் தொட்டு வெளியே வழிகாட்டினான்.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெண் மிளகுக்கொடி கட்டிக்கொண்டிருந்தாள். பாக்கியத்தாய் எங்கே என்று அவளிடம் கேட்டார்.

அவள் சொன்னாள். நன்றாக இருந்த காப்பியைப் பிடுங்க வைத்தவள் என்று கொழுந்தன்மார் முதலில் பேசினார்கள். மரம் மஞ்சளாக ஆக ஆக, ராசியில்லாத கை என்று மாமியார் ஆரம்பித்தாள். பாக்கியத்தாய் விடிந்ததும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றினாள். ஊற்ற ஊற்ற மரம் காய்ந்தது. கடைசியில் புருஷனும் அதையே சொன்னான். நிலத்தை விற்று அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டார்கள். ஆடிக் கடைசியில் மகளைக் கூட்டிக்கொண்டு அவள் திருப்பூருக்குப் போய்விட்டாள், பனியன் கம்பெனி வேலைக்கு.

“அவளும் அதை நம்பிட்டாண்ணே,” என்றாள் அந்தப் பெண். “இந்தச் சித்திரையில எங்க வீட்டுக்கு ஒரு முருங்கைக் கொம்பு ஊனிக் குடுடின்னேன். என் கை வேண்டாம்க்கா, நீங்களே வச்சுக்கோங்கன்னுட்டா. முருங்கைக் கொம்பு. அதக்கூடத் தொடல.”

அய்யாவு சித்திரையில் எங்கே இருந்தார் என்று யோசித்துப் பார்த்தார். சூசை வீட்டில் காப்பி குடித்தது சித்திரையில்தான்.

திருப்பூரில் எந்தக் கம்பெனி என்று கேட்டார். அவள் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தாள். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். வழி முழுக்க யோசித்துக்கொண்டே வந்தார். செங்கமலத்தின் கேட்டுக்கு வந்து சேர்ந்தபோது அவர் மனதில் எல்லாம் ஒழுங்காகிவிட்டிருந்தது.

தூறிக்கொண்டிருந்தது. செங்கமலம் தோட்டத்தின் மேல்வரப்பில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தாள். தலையில் ஒரு சாக்கு. அவர் வெளிப்பாதையில் நின்றபடி பார்த்ததையும் கேட்டதையும் சொன்னார். கடைக்காரரைப் பற்றிச் சொன்னபோது அவள் மண்வெட்டி ஒரு தரம் நின்றது.

“நம்பலையா?”

“சிரிச்சாரும்மா.”

“நாளைக்கும் போங்க.”

“சரிம்மா.”

அவள் மறுபடி வெட்டினாள். சீட்டைப் பற்றி அவர் சொல்லவில்லை. அவள்தான் கேட்டாள்.

“அந்தப் பொண்ணு எங்க இருக்குதுன்னு தெரியுமா?”

“தெரியும்மா. எழுதி வாங்கிட்டு வந்திருக்கேன்.”

“அப்புறம்?”

அய்யாவு பஸ்ஸில் ஒழுங்குபடுத்தி வைத்திருந்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல அது அவருக்கே நியாயமாகப் பட்டது.

“மரமும் போச்சு, நிலமும் போச்சு. காப்பாத்துறதுக்கு அவகிட்ட இனி ஒண்ணும் இல்ல. இப்பப் போயி நின்னா ஆறப்போற புண்ணைக் கீறுன மாதிரி ஆகும். சொல்லிட்டேன்னு எனக்குத்தான் நிம்மதி. அவளுக்கு என்ன கெடைக்கப்போகுது? என் நிம்மதிக்காக அவளை மறுபடி அழ வைக்கணுமாம்மா?”

செங்கமலம் நிமிர்ந்தாள். மண்வெட்டியைத் தரையில் ஊன்றினாள். வெட்டிய வாய்க்காலில் கலங்கல் தண்ணீர் மெல்ல ஓடத் தொடங்கியிருந்தது.

“ராசியில்லாத கைன்னு அவ சுமந்துட்டுப் போன பழி யாரோடது, அண்ணே?”

அய்யாவின் கை சட்டைப் பையிலிருந்த சீட்டுக்குப் போயிற்று.

“உங்களோடது. அவ தெரியாம எடுத்துட்டுப் போயிட்டா. போயி வாங்கிட்டு வாங்க.”